மருத்துவ மாநாட்டு வாயிலில் தமிழ்

(சேர்வராயன் மலைமேல் கரடியூரில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



குளம்பித் தோட்டங்களும் மிளகுக் கொடிகளும் சூழ்ந்த இக் கரடியூரிலிருந்து ஒரு தாய் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கிச் சேலத்து மருத்துவமனைக்குச் செல்கிறாள் என்று கொள்க. "பிள்ளைக்கு இழுப்பு" என்கிறாள். அவள் சொன்னது ஒரே சொல். அதற்குப் பொருளோ இரண்டு. மூச்சு இரைக்கும் ஈளை நோயும் இழுப்பே. கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பும் இழுப்பே. முன்னதற்கு மருந்து வேறு; பின்னதற்கு மருந்து வேறு. "எது இழுக்கிறது, மூச்சா, கைகாலா?" என்று திருப்பிக் கேட்கத் தெரிந்த மருத்துவர் அப் பிள்ளையைக் காப்பார். கேட்கத் தெரியாதவர் காலத்தை இழப்பார். அந்தக் காலம் பிள்ளையின் உயிராகவும் இருக்கலாம்.

அப்படிக் கேட்பதற்கு மருத்துவருக்கு எங்கே பயிற்சி கிடைக்கிறது? கல்லூரிப் பாடம் ஆங்கிலம். தேர்வு ஆங்கிலம். பட்டம் பெற்ற பின்னும் அறிவைப் புதுப்பித்துக்கொள்ள அவர் செல்லும் துறை மாநாடுகளும் ஆங்கிலம். நோயாளர் பேசும் மொழி மட்டும் தமிழ்! இம் முரண்பாட்டை உடைக்கும் வழிகளுள் ஒன்று, எவரும் எளிதில் கருதாத ஒரு சிறு தாளில் இருக்கிறது. அதுவே மாநாட்டு அமர்வுக்கான முன்மொழிவு.

ஒரு சிறப்புத் துறை மாநாடு எவ்வாறு உருப்பெறுகிறது என்பதைப் பொதுமக்கள் அறிதல் வேண்டும். மாநாட்டுக்குப் பல திங்கள் முன்பே, "அமர்வுகளை முன்மொழிக" என்று அறிவிப்பு வரும். முன்மொழிபவர் அமர்வின் தலைப்பு, முந்நூறு சொல்லளவில் ஒரு சுருக்கம், கேட்போர் கற்றுச்செல்ல வேண்டியவை, பேச்சாளர் யார் யார், ஒவ்வொருவருக்கும் எத்துணை மணித்துளி, மருந்து நிறுவனங்களோடு அவர்களுக்குப் பொருளியல் தொடர்பு உண்டா என்பன யாவும் எழுதிக் குறித்த நாளுக்குள் விடுத்தல் வேண்டும். தேர்வுக் குழுவினர் அவற்றைப் படித்து மதிப்பெண் இடுவர். பொருள் புதிதா, சான்று உளதா, மருத்துவருக்குப் பயன் தருமா, பேச்சாளர் தகுதியுடையவரா என்பவையே பெரும்பாலும் அளவுகோல்கள். தேர்ந்தவை மேடையேறும், தேராதவை திரும்பும்.

ஆகவே, மாநாட்டில் எது பேசப்படும் என்பது மேடையில் முடிவாவதன்று. அம் முன்மொழிவுத் தாளில் முடிவாவது. தமிழில் ஓர் அமர்வு வேண்டும் என்று எவரும் எழுதி விடுக்காதவிடத்து, "மாநாட்டில் தமிழ் இல்லையே!" என்று பின்னர் வருந்திப் பயனில்லை. கதவு அடைத்திருக்கிறது என்பவர் முதலில் அதனைத் தட்டியிருத்தல் வேண்டும்.

"தமிழில் மருத்துவம் பேச இயலுமா?" என்று வினவுவார் இன்றும் உளர். அவர்களுக்கு விடை 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. அமெரிக்க நாட்டில் 1822-இல் பிறந்த சாமுவேல் பிசுக்கு கிறீன் என்னும் மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணம் போந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், பின்னர்த் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்திற் கற்றோர் அரசுப் பணியை நாடி வெளியூர்களுக்குச் சென்றுவிட, தமிழிற் கற்போர் தம் ஊர்களிலேயே தங்கி மக்களுக்கு உதவுவர் என்பது அவர் கண்ட உண்மை. தம் மாணாக்கர் துணையோடு உடற்கூறு, அறுவை, மகப்பேறு, வேதியியல் முதலிய துறைகளின் ஆங்கில நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் அவருடைய உடற்கூற்றுப் பெருநூல் 1872-இல் வெளிவந்தது. 1873-இல் தாயகம் திரும்பிய அவர் 1884-இல் மறைந்தார். தமிழர்க்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்னும் குறிப்பே தம் கல்லறையில் இடம்பெற வேண்டும் என்று விரும்பினார் அப் பெருந்தகை!

அவர் ஆண்ட கலைச்சொற்களில் வடசொல் மிகுதி என்பது மெய்யே. 'அங்காதிபாதம்' என்றும் 'சுகரணம்' என்றும் எழுதிய இடங்களில் இன்று உடற்கூறு என்றும் உடலியக்கம் என்றும் தூய தமிழில் எழுதலாம். அக் குறை அக் காலத்தது. ஆனால் முயற்சியின் பெருமை எக் காலத்தும் குன்றாதது. மத்தியப் பிரதேச அரசு மருத்துவ முதலாண்டுக்கு இந்தி நூல்களை வெளியிட்டது 2022 அக்டோபரில். தமிழ் அதற்கு 150 ஆண்டுகள் முன்னரே உடற்கூற்று நூலை அச்சிற் கண்டது! முந்தியவர் பிந்தியதற்குத் தமிழ்மொழியா கரணியம்? தமிழரின் ஊக்கக் குறைவே கரணியம்.

இம் மலையடிவாரத்துச் சேலமும் இவ் வரலாற்றில் இடம்பெற்ற ஊரே. 1916-இல் இராசகோபாலாச்சாரியார் முதலானோர் அறிவியலுக்குத் தமிழ்ச்சொல் ஆக்கவென்றே ஒரு கழகத்தைச் சேலத்தில் தொடங்கினர். மறைமலையடிகளார் தனித்தமிழ் இயக்கத்தைக் கண்டதும் அதே 1916-இல்தான். சொல்லாக்கத்திற் கருத்து வேறுபாடு கொண்டோரும், அறிவியல் தமிழில் வரவேண்டும் என்பதில் ஒத்து நின்ற காலம் அது.

பிற நாட்டார் செய்தது யாது? சப்பானியர் சுகிதா கென்பாக்கு என்னும் மருத்துவரும் அவர்தம் தோழரும் ஆலந்து நாட்டு உடற்கூற்று நூலொன்றை அரிதின் முயன்று மொழிபெயர்த்து 1774-இல் வெளியிட்டனர். நரம்பைக் குறிக்கத் தம் மொழியிற் சொல்லில்லாமையால் புதுச்சொல் படைத்தனர். இன்றும் அந்நாட்டில் அச்சொல்லே வழங்குகிறது. செருமானிய உள்மருத்துவர் கழகம் 1882-இல் வீசுபாடன் நகரில் தோன்றியது. அதன் பேரவை இன்றளவும் பெரிதும் செருமன் மொழியிலேயே நடைபெறுகிறது. இவ்விரு நாட்டாரும் ஆங்கிலம் அறியாதவரல்லர். உலகோடு பேச ஆங்கிலத்தையும், தம் மக்களுக்கு மருத்துவம் செய்யத் தம் மொழியையும் கையாளுகின்றனர். இந்திய உள்மருத்துவர் கூட்டமைப்போ 1944-இல் சென்னையிலேயே பிறந்தது. பிறந்த மண்ணின் மொழிக்கு அத்தகைய மாநாடுகளில் ஓர் அமர்வு கேட்பது மிகையா?

வெறும் மொழிப்பற்றை மட்டும் காட்டி இடம் கேட்டால் தேர்வுக் குழுவினர் இசையார், இசைய வேண்டுவதுமில்லை. அறிவியற் கரணியம் காட்டுதல் வேண்டும். அது நிரம்ப உளது. வலியையே எடுத்துக்கொள்க. கனடா நாட்டு அறிஞர் இரானல்டு மெல்சாக்கு, நோயாளர் தம் வலியைச் சொல்ல ஆளும் ஆங்கிலச் சொற்களைத் திரட்டி, அவற்றுள் 78 சொற்களை 20 தொகுதிகளாக்கி, 1975-இல் ஒரு வினாநிரலை வெளியிட்டார். வலியின் தன்மையை அளக்க உலகெங்கும் அது பயன்படுகிறது. உலக வலி ஆய்வுக் கழகமும் 2020-இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தம் வலியைப் பற்றிச் சொல்வதை மதித்தல் வேண்டும் என்று தெளிவுறக் குறித்தது.

அவர் சொல்வதை மதிக்க வேண்டுமாயின், அவர் சொல்லும் சொல்லை அறிதல் வேண்டாவா? தமிழில் வலி ஒன்றன்று. குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு, உளைச்சல், பிடிப்பு, சுளுக்கு, 'விண்விண்' என்று தெறித்தல் என அது பலவாகும். எலும்புக்குள் துளைப்பது போன்றது குடைச்சல். நெடுந்தொலைவு நடந்த கால் காண்பது உளைச்சல். சிறுநீர் கழிக்கையில் தோன்றுவது கடுப்பு. ஒவ்வொன்றும் நோயின் இடத்தையும் தன்மையையும் குறிப்பாற் காட்டும். இவை அனைத்தையும் 'வலி' என்னும் பொருள்பட ஓர் ஆங்கிலச் சொல்லால் நோய்க்குறிப்பேட்டில் எழுதிவிட்டால், நோயாளர் கொடுத்த செய்தியிற் பெரும்பகுதி அங்கேயே புதைந்துவிடுகிறது. சேர்வராயன் மலைவாழ் மலையாளிப் பழங்குடியினர் பேசுவதும் தமிழே. அவர்தம் வழக்கிற் சமவெளியார் அறியாத சொற்களும் இருக்கக்கூடும். அவற்றை எந்த மாநாடு கேட்டது?

ஆகவே ஒரு முன்மொழிவு இவ்வாறு அமையலாம். தலைப்பு: 'வலிக்குத் தமிழ்நோயாளர் வழங்கும் சொற்களும் நோயறிதலும்'. காலம் 90 மணித்துளி. பேச்சாளர் மூவர்: வலிநீக்க மருத்துவர் ஒருவர், ஊர்ப்புறச் செவிலியர் ஒருவர், சொல்லாய்வறிஞர் ஒருவர். ஒவ்வொருவருக்கும் 20 மணித்துளி. எஞ்சிய 30 மணித்துளி வினாவிடைக்கு. கற்றுச்செல்ல வேண்டியவை மூன்று: பத்து வலிச்சொற்களின் பொருளை வேறுபடுத்திச் சொல்லுதல்; ஐயுறும் சொல்லுக்குத் திருப்பிக் கேட்க வேண்டிய வினாவை அறிதல்; நோயாளர் கூறிய சொல்லை அப்படியே நோய்க்குறிப்பேட்டிற் பதிதல். 'விழிப்புணர்வு ஊட்டுதல்' என்பது போன்ற அளக்கவியலாச் சொற்றொடர்கள் வேண்டா. பேச்சாளரைப் பெருக்கி வினாவிடைக்குக் காலமில்லாமற் செய்தலும் வேண்டா. உரை தமிழில், சுருக்கம் தமிழிலும் ஆங்கிலத்திலும். இவ்வாறு எழுதினால், மறுப்பவர் பொருளைக் கொண்டு மறுக்க வேண்டுமேயன்றி மொழியைக் காட்டி மறுக்க இயலாது.

ஒருமுறை மறுக்கப்படலாம். மறுப்புக்குச் சொல்லும் குறிப்பைப் படித்துத் திருத்தி அடுத்த ஆண்டு மீண்டும் விடுத்தல் வேண்டும். ஆங்கில முன்மொழிவுகளும் மறுக்கப்படுகின்றன. அதற்காக ஆங்கிலத்தார் எழுதாமல் இருந்துவிடவில்லை.

தமிழ் மருத்துவர்களே! ஆண்டுக்கு ஒரு முன்மொழிவேனும் தமிழுக்கென எழுதுக. தமிழறிஞர்களே! மருத்துவர் அருகமர்ந்து சொல்லைத் தேர்ந்து தருக. அவர் வேலையை எளிதாக்குக, குற்றங்காணுவதோடு நின்றுவிடாதீர். மாநாடு நடத்துவோரே! தமிழ்நாட்டில் கூடும் ஒவ்வொரு மாநாட்டிலும் ஓர் அறையையேனும் தமிழுக்குத் திறந்துவிடுக.

மலையிறங்கி வரும் தாய் ஆங்கிலம் கற்றுக்கொண்டு வரமாட்டாள். மருத்துவமே அவள் மொழிக்கு வருதல் வேண்டும். அதற்கான தாள் மேசைமேல் கிடக்கிறது, எழுதி நிரப்புக!