மணிக்கு எத்தனை தோட்டா?

இன்னைக்கு டாபிக் கொஞ்சம் விசித்திரமா இருக்கும். வீட்டு கராஜ்ல துப்பாக்கித் தோட்டா தயாரிக்கிற மெஷினை எப்படித் தேர்ந்தெடுக்கறது?

முதல்லயே சொல்லிடறேன், நான் அரிசோனாவுல எச்1பி விசாவுல இருக்கேன். அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி என்னை மாதிரி விசாக்காரங்க துப்பாக்கியும் வெச்சுக்கக் கூடாது, தோட்டாவும் வெச்சுக்கக் கூடாது. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்கு மட்டும் உண்டு. நம்ம ஊர்லயும் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்க முடியாது. அதனால இந்தக் கதையில நான் வேடிக்கை பார்த்தவன், எக்செல் ஷீட் போட்டவன், அவ்வளவுதான்.

ஷீட் கேட்டது தெரிஞ்ச ஒரு அண்ணன். கோயம்புத்தூர்க்காரர், இப்ப அமெரிக்க சிட்டிசன். வாரக் கடைசியில பிஸ்டல் போட்டிக்குப் போவார். ஒரு போட்டிக்கே 150, 200 தோட்டா காலியாகும். அதனால சுட்டு முடிஞ்ச பித்தளை ஷெல்லைப் பொறுக்கிட்டு வந்து மறுபடி நிரப்புவார். இதுக்குப் பேரு ரீலோடிங்.

வேலை இதுதான்: பழைய பிரைமரைத் தட்டி எடுத்து ஷெல்லை அளவுக்குக் கொண்டு வரணும், புது பிரைமர் வைக்கணும், பவுடர் போடணும், மேல புல்லட்டை அழுத்தணும். சிங்கிள் ஸ்டேஜ் பிரெஸ்ல ஒரு தடவை கைப்பிடியை இழுத்தா ஒரு வேலைதான் நடக்கும். ப்ரோக்ரெசிவ் பிரெஸ்ல ஒரு வட்டத் தட்டு இருக்கும், ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஒரு ஷெல் நிக்கும். ஒரு இழுப்புல எல்லா வேலையும் ஒரே நேரத்துல நடந்து, ஒரு முழுத் தோட்டா வெளிய விழும். நமக்குப் பழகின பைப்லைன்தான்.

அதனால நான் என்ன பண்ணேன்? மணிக்கு எத்தனை தோட்டா, அதை விலையால வகுத்து, ரேங்க் போட்டுட்டேன். அண்ணன் பார்த்துட்டு, "தம்பி, நடுவுல போன் வந்தா என்ன ஆகும்னு ஒரு கட்டம் சேருங்க"ன்னார்.

அவருக்கு நடந்த கதை அது. நண்பர்கிட்ட கடன் வாங்கின பழைய பிரெஸ். தட்டைக் கையாலதான் திருப்பணும். பாதியில போன் அடிச்சது, பேசிட்டு வந்தார், தட்டைத் திருப்பினாரா இல்லையான்னு ஞாபகம் இல்ல. தொடர்ந்து இழுத்துட்டார். அன்னைக்கு ராத்திரி படுக்கையில உறைச்சிருக்கு. திருப்பாம இழுத்திருந்தா ஒரே ஷெல்லுல ரெண்டு தடவை பவுடர். 9 மிமீ ஷெல்லுல நிறைய பவுடர் வகைகள் ரெண்டு மடங்கு போட்டாலும் வழியாது, வெளிய தெரியாது. சுட்டா துப்பாக்கி கையிலயே வெடிக்கலாம்.

எடை போட்டுக் கண்டுபிடிக்கலாமேன்னு கேட்டேன். முடியாதாம். பித்தளை ஷெல்லோட எடையே ஒண்ணுக்கொண்ணு மாறும், அந்த வித்தியாசத்துல பவுடர் எடை மறைஞ்சிடும். மூணு ராத்திரி உக்காந்து, சுத்தியல் மாதிரி ஒரு புல்லர் வெச்சு, அந்த டப்பா முழுக்கப் பிரிச்சார். ஒண்ணு அகப்பட்டுச்சு. மெஷின் மேல தப்பில்ல, என் மேலதான்னார்.

அதுக்கப்புறம் ஷீட்டே மாறிப் போச்சு. டில்லன் ஆர்எல் 550-ல 4 ஸ்டேஷன், தட்டைக் கையால திருப்பணும். டில்லன் எக்ஸ்எல் 750-யும் ஹார்னடி லாக்-என்-லோட் ஏபி-யும் 5 ஸ்டேஷன், தட்டு தானா திரும்பும். அந்தக் கூடுதல் ஸ்டேஷனால பவுடர் அளவு கூடினா, குறைஞ்சா காட்டுற செக் டை வைக்கலாம். குறைஞ்சாலும் ஆபத்துதான். பவுடரே இல்லேன்னா புல்லட் குழாய்க்குள்ள சிக்கிக்கும், தெரியாம அடுத்ததைச் சுட்டா குழாய் போச்சு. ஆனா தானா திரும்பறதும் முழு காப்பு இல்ல. பாதி இழுப்புல சிக்கி, திரும்பத் திரும்ப ஆட்டினா அங்கயும் குழப்பம் வரும். சிக்கினா தட்டுல இருக்கிற எல்லா ஷெல்லையும் எடுத்துட்டு மறுபடி ஆரம்பிக்கறதுதான் அவர் வழக்கம்.

ரைஃபிளுக்கு கதையே வேற. .308 ஷெல்லுக்கு எண்ணெய் தடவணும், நீளம் கூடினா வெட்டணும். வேகமான மெஷின் இருந்தாலும் நேரம் அங்கதான் போகும். அவர் சுடறதோ மாசத்துக்கு 40, 50. அதுக்குப் பழைய சிங்கிள் ஸ்டேஜே போதும்னுட்டார்.

கடைசியில பிஸ்டலுக்கு அஞ்சு ஸ்டேஷன் மெஷினே வாங்கினார், செக் டையோட. என் ஷீட்ல அது நாலாவது ரேங்க். இப்ப கராஜ் கதவுக்கு வெளிய ஒரு ஸ்டூல் இருக்கு. போனை அதுல வெச்சுட்டுத்தான் உள்ள போவார். நான் போனாலும் கைப்பிடி ஓடற வரைக்கும் பேசக் கூடாது.