எருமையும் நான்கு குடம் தண்ணீரும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வகுப்பில் பதில் தெரியாமல் நின்று, "எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி நிக்கிறியே" என்று திட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன். இந்தப் பழமொழி எருமைக்குச் செய்த அநியாயத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். மழையில் எருமை அசையாமல் நிற்பது சொரணை இல்லாமல் அல்ல, சுகத்தில்! கறுத்த தோல் வெயிலை வாங்கிக்கொள்ளும். வியர்வைச் சுரப்பிகளோ, பசுவுக்கு இருப்பதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். அதனால்தான் அது குளத்தையும் சேற்றையும் தேடி ஓடுகிறது.

1994 கோடை. சேலம் பக்கம் ஒரு கிராமத்தில் எனக்கு முதல் வேலை. ஓர் அம்மாவின் எருமை சாயங்காலக் கறவைக்குச் சுரப்பு விடவில்லை. மூன்று முறை போனேன். தாது உப்பு எழுதினேன், டானிக் எழுதினேன். பலன் இல்லை. நான்காம் முறை அந்த அம்மாவே சொன்னார்: "தம்பி, ஏரியில தண்ணி இருந்த வரைக்கும் தானாத்தான் சுரப்பு விட்டுச்சு. ஏரி வத்திப்போச்சு. இப்ப ஊசி போட்டாத்தான் கறக்குது. பாவமா இருக்கு, என்ன செய்யறது?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எருமையின் மடியில் பால் பெரும்பாலும் நுண்ணறைகளில்தான் நிற்கும். ஆக்ஸிடோசின் சுரந்தால்தான் அது காம்புக்கு இறங்கும். வெப்பத்தால் தவிக்கும் மாட்டில் அட்ரினலின் அதைத் தடுத்துவிடும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். தொழுவத்தில் மறந்துவிட்டேன்!

செய்தது இவ்வளவுதான். மதியம் இரண்டு மணிக்கு மாட்டை வேப்பமர நிழலுக்கு மாற்றினோம். உடம்பு முழுக்க நனைய இரண்டு குடம் தண்ணீர். கால் மணி நேரம் காற்றில் காயவிட்டு, மறுபடி இரண்டு குடம். குடிக்கத் தொட்டி நிறையத் தண்ணீர். கறப்பதற்கு அரை மணி முன்பே நனைப்பதை நிறுத்தி, மடியையும் காம்பையும் சுத்தமான துணியால் துடைத்தோம். ஈரம் சொட்டச் சொட்டக் கறந்தால் அழுக்குத் தண்ணீர் பாலில் விழும், மடிநோயும் வரும். பத்து நாளில் ஊசி நின்றது. பால் இரண்டு மடங்காகிவிட்டது என்று கதை விடமாட்டேன். ஆனால் கன்றை விட்டதும் மடி இறங்கியது.

ஓர் எச்சரிக்கை. குளிரவைப்பது தண்ணீர் மட்டுமல்ல, அது ஆவியாவதுதான். கடலோரப் புழுக்கத்தில், காற்றில்லாத கொட்டகையில் தண்ணீரை மட்டும் ஊற்றினால் பயன் குறைவு. அங்கே மின்விசிறி அவசியம்.

2012 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 7.8 லட்சம் எருமைகள் இருந்தன. 2019-இல் அது 5.2 லட்சம் அளவுக்குக் குறைந்துவிட்டது. காரணங்கள் பல. ஆனால் ஏரி, குளம் இல்லாத ஊரில் எருமை எப்படி நிற்கும்?

மாணவச் செல்வங்களே, கோடையில் சுரப்பு விடாத எருமையைப் பார்க்கப் போனால் முதலில் அதன் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். பிறகு, "தண்ணி எங்கேம்மா?" என்று கேளுங்கள். மருந்துப் பெட்டியை அப்புறம் திறக்கலாம்.