ஒரே விட்டம், வேறு வேறு காயம்



தடயவியலாளர்களும் அரசு மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் கால்நடை மருத்துவர்களும் வனத்துறையினரும் ஒன்றாக அமர்ந்து துப்பாக்கித் தோட்டாவைப் பற்றிப் பேசப் போடிமெட்டு மிகப் பொருத்தமான இடம். போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் மாநில எல்லை வந்துவிடுகிறது. எல்லைக்கு மேற்கே, கேரளத்தில், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரருக்கு உள்ளாட்சித் தலைவரே 2022 முதல் அனுமதி தரலாம். கிழக்கே, தமிழ்நாட்டில், 2025 தொடக்கத்தில் வந்த ஆணைப்படி காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் பன்றியைச் சுட முடியும். சுடுபவரும் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். யார் சுடலாம், எங்கே சுடலாம் என்று இரு மாநிலங்களிலும் நிறையப் பேசியாகிவிட்டது. எந்தத் தோட்டாவால் என்ற பேச்சு மட்டும் அரிதாகவே எழுகிறது.

இந்த மலையில் அது உயிர் போகிற கேள்வி. போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் தினமும் விடியலில் ஜீப்புகளில் ஏறி வரும் பெண்கள் ஏலத்தோட்டங்களில் பழம் எடுக்கிறார்கள். ஏலக்காய் தூரடியில் சரம் விட்டுக் காய்ப்பது. ஆளுயரத்தைத் தாண்டிய செடிக்குக் கீழே குனிந்து வேலை செய்பவர் அடுத்த வரிசையில் நிற்பவருக்கே தெரியமாட்டார். பன்றியின் உடம்போடு நிற்கிற குண்டுக்கும், அதைத் துளைத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போகிற குண்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கே வெறும் ஏட்டுப் பாடமாக இருக்க முடியாது.

இந்தியாவில் இந்தப் பாடத்தை .303, .315 என்ற இரண்டு தோட்டாக்களிலிருந்து தொடங்குவதே முறை. .303 பிரிட்டிஷ் ராணுவத் தோட்டா. பல தலைமுறைகளாக நம் போலீசாரின் தோளில் தொங்கியது. ராணுவத் தோட்டா குடிமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று பிரிட்டிஷ் ஆட்சி நினைத்தது. அதனால் ஆஸ்திரியாவின் 8×50 மான்லிகர் தோட்டா .315 என்ற பெயரில் வேட்டைக்காரர்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் வந்து சேர்ந்தது. இன்றும் .303 தடைசெய்யப்பட்ட வகை; .315 உரிமத்தில் கிடைக்கிறது. எண்களைப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. 1910-இல் வந்த .303 மார்க் 7 குண்டின் எடை 11.3 கிராம், வேகம் நொடிக்கு 744 மீட்டர். பழைய மான்லிகர் குண்டு 15.8 கிராம், வேகம் 620 மீட்டர். எடையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் முன்னதற்கு ஏறத்தாழ 3,130 ஜூல், பின்னதற்கு 3,040 ஜூல். ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றே.

காயம் ஒன்றல்ல. மார்க் 7 குண்டின் கூர்மூக்குக்குள் ஈயம் கிடையாது. அலுமினியமோ மரக்கூழோ அடைத்திருப்பார்கள். அதனால் பாரம் பின்பக்கம் தங்கிவிடும். காற்றில் சுழற்சி அதை நேராகப் பிடித்து வைத்திருக்கும். சதைக்குள் நுழைந்ததும் அந்தப் பிடி போய், குண்டு பக்கவாட்டில் புரண்டு, தன் முழு நீளத்தாலும் கிழித்துக்கொண்டு போகும். உலோக உறை முழுதாக மூடியிருப்பதால், விரியும் குண்டுகளைத் தடைசெய்த போர்ச் சட்டத்தின் எழுத்துக்கும் அது பொருந்திவிட்டது. .315 வேட்டைத் தோட்டாவின் மென்மூக்குக் குண்டு வேறு வழியில் வேலை செய்கிறது: மூக்கில் தெரியும் ஈயம் நசுங்கி அகன்று, ஆற்றலை வழியிலேயே செலவிடுகிறது. அதே .315-ஐ முழு உறையுள்ள குண்டோடு சுட்டால், பன்றிக்கு அப்பாலும் அது போய்க்கொண்டே இருக்கலாம்.

உறையின் சிறு பகுதியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகுக்குக் காட்டியதும் இந்திய மண்தான். 1895 சித்ரால் படையெடுப்பில், பழைய .303 குண்டு எதிரியை ஊடுருவிப் போகிறதே தவிர நிறுத்தவில்லை என்று படைவீரர்கள் குறைப்பட்டார்கள். அடுத்த ஆண்டு, கல்கத்தாவுக்கு அருகே டம்டம் வெடிமருந்துத் தொழிற்சாலையில் கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே குண்டின் மூக்கில் மட்டும் உறையை நீக்கி ஈயத்தை வெளியே விட்டார். தோட்டாவின் அளவும் விட்டமும் பழையபடியே இருக்க, காயம் மட்டும் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறியது. 1899-இல் ஹேக் மாநாடு விரியும் குண்டுகளைப் போரில் தடைசெய்தது. காலனி மக்களின் உடம்பில் சோதித்துப் பார்த்த பிறகே ஐரோப்பாவின் மனசாட்சி விழித்தது என்பதை இந்த அவை மறக்கக் கூடாது.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான சாட்சி ஈழத்தில் இருக்கிறது. இலங்கைப் போரில் இரு தரப்பும் தூக்கிய டைப் 56 சீனத் துப்பாக்கியின் தோட்டா 7.62×39. அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர் 1980-களில், தசைக்கு ஈடாக 10 விழுக்காடு ஜெலட்டின் கட்டியை 4 டிகிரியில் குளிரவைத்து, அதில் இந்தத் தோட்டாவைச் சுட்டுப் பார்த்தார். எஃகு உள்ளீடு கொண்ட சோவியத் குண்டு ஏறத்தாழ 26 சென்டிமீட்டர் நேராகப் போன பிறகே புரண்டது. அதே தோட்டாவின் யூகோஸ்லாவிய வகை, ஈய உள்ளீடு கொண்டது, 9 சென்டிமீட்டரிலேயே புரளத் தொடங்கியது. மனித வயிற்றின் ஆழத்தை மனத்தில் வைத்து இந்த இரண்டு எண்களையும் படிக்க வேண்டும். முதல் குண்டு பட்டவர் சிறு துளையோடு மருத்துவமனைக்கு வந்து சேரலாம். இரண்டாவது பட்டவருக்குக் குடல் கிழிந்திருக்கும். தோட்டாப் பெட்டியின் மேல் எழுதியிருப்பது இரண்டிலும் ஒரே அளவுதான்.

படும் இடமும் பேசும். நுரையீரல் விரிந்து கொடுக்கும். கல்லீரல் விரியாமல் பிளக்கும். முதிர்ந்த ஆண்பன்றியின் தோள்பட்டைத் தோல் தடித்து இறுகியிருக்கும். அங்கே மென்மூக்குக் குண்டு ஆழம் போகாமல் நின்றுவிட்டால், காயம்பட்ட விலங்கு புதருக்குள் ஓடி, தேடிப் போகிறவரைத் தாக்கும்.

வேட்டை இலக்கியம் இதில் நிறையக் குழப்பியிருக்கிறது. ஜிம் கார்பெட் 1926 மே மாதம் ருத்ரபிரயாகை ஆட்கொல்லிச் சிறுத்தையைச் சுட்டது .275 ரிக்பியால். ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்ற கரமோஜோ பெல் பெரும்பாலும் கையாண்டதும் அதே தோட்டாதான். ஜெர்மானியரின் 7×57 மவுசருக்கு ஆங்கிலேயர் இட்ட இன்னொரு பெயர் அது. சிறுத்தைக்குப் போதுமானது யானைக்கும் போதும் என்று இதிலிருந்து முடிவுகட்டியவர்கள் உண்டு. பெல் சுட்டது விரியாத, நீண்ட, முழு உறைக் குண்டு. மண்டையோட்டின் உடற்கூறும் அவருக்கு அத்துப்படி. இந்த இரண்டும் இல்லாமல் அவர் கணக்கு செல்லாது.

இனி குழல். வட இந்திய நீதிமன்றங்களில் அடிக்கடி வரும் 'கட்டா' என்ற நாட்டுக் கைத்துப்பாக்கி, .315 தோட்டாவை உட்புறத் திருகுவெட்டு இல்லாத குட்டைக் குழலிலிருந்து சுடுகிறது. வேகம் வெகுவாகக் குறைகிறது. குண்டு சுழலாமல் பக்கவாட்டில் வந்து தைத்து, நீள்துளை விடுகிறது. அந்தக் காயத்தைப் பார்த்து ரைபிள் என்றோ தொலைவு என்றோ முடிவு சொல்லிவிட்டால், குற்றமற்றவர் ஒருவர் சிறைக்குப் போவார். உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். போடிமெட்டில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. குண்டு தன் வேகத்தைக் கூடுதல் தூரம் காப்பாற்றிக்கொள்ளும்.

இவ்வளவு வேறுபாடுகளும் 'ஒரு துப்பாக்கிக் குண்டுக் காயம்' என்ற ஒற்றை வரிக்குள் புதைந்துபோகலாகாது. 2023 ஏப்ரல் 29 அன்று, இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற காட்டுயானைக்கு மயக்க ஊசி சுட்டார்கள். ஊசி தசைக்குள் போக வேண்டும், ஆனால் யானையைக் காயப்படுத்தக் கூடாது என்பதால் தொலைவுக்கு ஏற்ப அழுத்தத்தையும், விலங்குக்கு ஏற்ப மருந்தின் அளவையும் கணக்கிட்டே மருத்துவர்கள் சுடுகிறார்கள். கொல்லாத ஊசிக்குக் காட்டும் அக்கறையைக் கொல்லும் குண்டுக்கும் காட்டியே ஆக வேண்டும்.

ஆகவே இந்த அவைக்கு ஒரு வேண்டுகோள். பிரேதப் பரிசோதனைக்கு முன் எக்ஸ்ரே எடுக்கட்டும். கிடைத்த குண்டையும் துண்டுகளையும் எடைபோட்டு எழுதட்டும். தோட்டாக் கூட்டின் நீளம், குண்டின் உறை, உள்ளீடு, குழலின் நீளம், சுட்ட தொலைவு ஆகியவை போலீஸ் மகஜரிலும் வனத்துறைப் பதிவிலும் தனித்தனிப் பத்தியாக வரட்டும். பன்றியைச் சுட அனுமதி தரும் தாளில், எந்த வகைக் குண்டு, பின்னால் மண்மேடு உண்டா, அன்று அந்தச் சரிவில் பழம் எடுக்க ஆள் இறங்கியிருக்கிறார்களா என்ற மூன்று கேள்விகளும் இடம்பெறட்டும். இரு மாநில அலுவலர்களும் இங்கே இருக்கிறார்கள்; இருவருக்கும் பொதுவான படிவம் ஒன்றை எழுதி முடித்த பிறகே இந்த மலையை விட்டு இறங்குங்கள்.