நொடித்தவரை நம்புவது வங்கியே!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! ஈர நெஞ்சோடு பேசி எல்லாரையும் கண்கலங்க வைத்துவிட்டுப் போய் அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று பள்ளத்தாக்கே எழுந்து தேனிக்கு வந்தது போலத் திரண்டிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

நொடித்துப் போனவருக்கு மறுபடி கைகொடுப்பது ஊரா, வங்கியா? இதுதான் கேள்வி. எதிரணியில் பேசிய அம்மையார் சொன்னாங்க, வங்கிக்கு இதயமே கிடையாதுன்னு. உண்மைதாங்க, நான் மறுக்கல. ஆனா இதயம் இல்லாததுல ஒரு சௌகரியம் இருக்கு. அதுக்குப் பொறாமை கிடையாது, பங்காளிச் சண்டை கிடையாது, உங்க தாத்தா எங்க தாத்தாவைத் திட்டின கதை தெரியவே தெரியாது! (சிரிப்பு, கைதட்டல்)

1895-ல் பெரியாற்றுத் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பின நாளிலிருந்து நெல்லும் வாழையும் திராட்சையுமா விளையுற பூமி இது. மேலே மலையில ஏலக்காய். பணப்பயிர் இருக்கிற இடத்துல கடன் இருக்கும். கடன் இருக்கிற இடத்துல ஒரு நாள் மஞ்சக் கடுதாசியும் வரும். ‘ஐ.பி. கொடுத்துட்டான்’னு நம்ம ஆளுங்க காதுக்குள்ள சொல்லுவாங்க பாருங்க, அதேதான். கல்யாணப் பத்திரிகைக்கும் மஞ்சள் தடவுறோம், கடன்காரன் கையை விரிக்கிறதுக்கும் மஞ்சள்னு பேர் வச்சிருக்கோம். என்ன ஊருங்க இது!

போடியில எனக்குத் தெரிந்த ஒரு ஏலக்காய் வியாபாரி. பேர் வேண்டாம், தெரு வேண்டாம். 2018-ல் கேரளத்தில் வெள்ளம் வந்து தோட்டமெல்லாம் போச்சு. சரக்கு குறைஞ்சது, விலை ஏறிச்சு. 2019 ஆகஸ்ட்ல புற்றடி ஏலத்துல ஒரு கிலோ 7000 ரூபாய் வரைக்கும் போச்சு. தங்கம் மாதிரி மூட்டையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தார் மனுஷன், இன்னும் ஏறும்னு. இறங்கிச்சு. 2022-ல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே. அதுக்கு முன்னாடியே இவர் கதை முடிஞ்சு போச்சு. பேங்க் கடன், வெளியில மூணு வட்டி, அஞ்சு வட்டி. வேற வழியில்லாம நீதிமன்றத்துக்குப் போனார். ரிசீவர் வந்து கடையையும் குடோனையும் வித்துப் பங்கு போட்டார். பிற்பாடு விடுதலை உத்தரவும் கிடைச்சது.

இந்த மாவட்டத்துல அதுக்கான சட்டம் 1920-ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டம். 2016-ல் புதுச் சட்டம் வந்தாலும், நம்மைப் போன்ற தனி ஆளுங்களுக்கான பகுதி பெரும்பாலும் நடைமுறைக்கு வரல. அந்தப் பழைய சட்டத்துல ஒரு வேடிக்கை. விடுதலை வாங்காத ஒருவர், தன் நிலைமையைச் சொல்லாம 50 ரூபாயோ அதுக்கு மேலேயோ கடன் வாங்கினா ஆறு மாசம் வரைக்கும் சிறை! இன்னிக்கு நாலு பேரோட போய் டீயும் வடையும் சாப்பிட்டு அக்கவுண்ட்ல எழுதிக்கச் சொன்னா 50 தாண்டிடும். (சிரிப்பு) ஆனா கவனிங்க. சட்டம் கடன் வாங்காதேன்னு சொல்லல. ‘சொல்லிட்டு வாங்கு’ன்னு சொல்லுது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கே அந்த அளவு பெருந்தன்மை இருக்கு, நம்ம சித்தப்பாவுக்கு இல்லையே!

எதிரணித் தம்பி மொய் விருந்தைச் சொன்னார். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாசம் ஆட்டுக்கறி போட்டு, வந்த மொய்யில தொழிலையே நிமிர்த்திடுறாங்கன்னு. அருமையான பழக்கம், கையெடுத்துக் கும்பிடுறேன். ஆனா மொய் நோட்டு என்னங்க? யார் யாருக்கு எவ்வளவு செஞ்சாங்க, யார் திருப்பலைங்கிற கணக்கு. ஊரோட சிபில் அதுதான்! நொடிச்சுப் போனவர் பந்தல் போட்டா எத்தனை பேர் வருவாங்கன்னு நெஞ்சில கை வச்சுச் சொல்லுங்க தம்பி.

ஊர்க் கோபத்துல நியாயமே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். இவருக்கு ஜாமீன் போட்டவர் மச்சான். நீதிமன்றம் இவரை விடுவிச்சாலும் ஜாமீன்தாரரை விடுவிக்காது, அதுவும் அதே சட்டம்தான். மச்சான் தோட்டத்தை அடகு வச்சுக் கட்டினார். இவர் இப்போ ஒரு கடையில கணக்கு எழுதி, மாசாமாசம் மச்சானுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அது ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்? விழுந்தது எல்லாருக்கும் தெரியும். எழுந்திருக்கிறதை எழுதி வைக்க ஊர்கிட்ட நோட்டு இல்லைங்க.

வங்கிகிட்ட இருக்கு. சிபில் நிறுவனம் 2000-ல் வந்தது, இப்போ அது மாதிரி நாலு இருக்கு. 300-லிருந்து 900 வரைக்கும் மார்க். நொடிச்சது அதுல பல வருஷம் நிக்கும், ஒளிக்க முடியாது. ஆனா அதுக்குக் கீழே புது வரி எழுத இடம் இருக்கு. ஐ.பி. வரைக்கும் போகாம, பேசிக் குறைச்சுக் கட்டினவங்களும் இந்தக் கூட்டத்துல இருப்பீங்க. உங்க கணக்குல ‘செட்டில்டு’ன்னு நிக்கும். அது முழுசாக் கட்டினதுக்குச் சமம் இல்ல. 2023 ஜூன்ல ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு, விவசாயக் கடன் தவிர மத்ததுல அந்த வங்கி உங்களுக்கு மறுபடி கடன் கொடுக்கக் குறைந்தது 12 மாதம் ஆகணும்னு. தண்டனைதான், ஆனா எத்தனை மாசம்னு எண்ணிச் சொல்ற தண்டனை. ஊர் எண்ணிச் சொல்லுமா?

இன்னொண்ணு. கடன்பட்டவன் கலக்கத்தை இலங்கை வேந்தனுக்கு உவமை சொல்ற அந்த வரியைக் கம்பன் பாடினதாத் தம்பி சொல்லிட்டுப் போனார். கம்பராமாயணத்துல அந்த வரி கிடையாது தம்பி! யாரோ எழுதினது கம்பன் கணக்குல ஏறிடுச்சு. (பலத்த சிரிப்பு) அதே மாதிரி யாரோ வாங்கின கடன் உங்க கணக்குல ஏறியிருக்கும். கம்பன் யார்கிட்ட புகார் கொடுப்பான்? நீங்க கொடுக்கலாம். ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு தடவை உங்க கணக்கை இலவசமாக் காட்டணும். தப்பைச் சொல்லி 30 நாளுக்குள்ள தீர்க்கலைன்னா, நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குக் கொடுக்கணும்.

நம்ம வியாபாரி கிரெடிட் கார்டு கேட்டு ஒரு வங்கிக்கு எழுதினார். முடியாதுன்னு கடிதம் வந்தது. கார்டு மறுத்தா முக்கியக் காரணத்தை எழுத்துல சொல்லணும்ங்கிறது விதி. அந்தக் கடிதத்தை எடுத்துக்கிட்டு என் வீட்டுக்கு வர்றார், முகத்துல ஒரு தெளிவு. “ஐயா, சொந்தக்காரங்க எல்லாம் ‘பாக்கலாம், பாக்கலாம்’னாங்க. எனக்கு ஏன் இல்லைன்னு காரணம் சொன்ன முதல் ஆள் இந்த பேங்க்தான்யா”ன்னார்.

அப்புறம் அவர் வீட்டம்மா சேர்த்து வச்ச 25,000 ரூபாயை வேற ஒரு வங்கியில டெபாசிட்டாப் போட்டு, அதை ஈடா வச்சு இவர் பேருக்கு ஒரு கார்டு வாங்கினாங்க. கேஸ் சிலிண்டரும் கரண்ட் பில்லும் மட்டும் அதுல. பில் வந்ததும் முழுசாக் கட்டிடுவார், ‘குறைந்தபட்சத் தொகை’ன்னு போட்டிருக்கிற பக்கமே போறதில்ல. பல கார்டுல மீதிக்கு மாசம் மூணு வட்டிக்கும் மேல ஆகுதே, அவர் பார்க்காத மூணு வட்டியா? ரெண்டு வருஷம் ஆச்சு. போன தைக்கு ஈடு இல்லாத கார்டு ஒண்ணு வந்தது. எல்லை முப்பதாயிரம். வாயிலெடுக்கக் கூடாத பேரா இருந்தவரோட பேர் அட்டையில மேடா எழும்பி நிக்குது, விரலால தடவிப் பார்க்கலாம்.

கார்டு எதுக்குன்னு எதிரணி கேட்பாங்க. வாங்கித் திங்க இல்லைங்க. அவர் மகள் இப்போ பிளஸ் ஒன் படிக்குது. காலேஜுக்குக் கல்விக் கடன் கேட்டா அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போடணும், அப்பா கணக்கையும் புரட்டிப் பார்ப்பாங்க. அதுக்கு இன்னும் பதினாறு பதினேழு பில் இருக்குன்னு காலண்டர்ல எண்ணிக்கிட்டு இருக்கார்.

நடுவர் ஐயா மணியைத் தொடுறீங்க, தெரியுது. அந்தப் பொண்ணோட மாமன்மார் மூணு பேர் இந்தக் கூட்டத்துலயே உட்கார்ந்திருக்காங்க. அவங்க முகத்தைப் பார்த்துட்டுத் தீர்ப்புச் சொல்லுங்க. (நீண்ட கைதட்டல்)