பூட்டிய பள்ளியும் பெண்கல்வியும்



சமண அறம் போற்றும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று. அதனைப் பெண்டிர் பெற்றனர், பிறர்க்கும் வழங்கினர். கழுகுமலைப் பாறையில் குரத்தியர் எனும் பெண் ஆசிரியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. விளாப்பாக்கத்துப் பெண்பள்ளியை முதற் பராந்தகன் காலக் கல்வெட்டு குறிக்கிறது. இத்தகைய மரபுடைய நாட்டில், 2020 மார்ச்சில் பள்ளிக் கதவுகள் மூடப்பட்டன.

பத்து, பன்னிரண்டாம் வகுப்புகள் 2021 ஜனவரி 19 அன்று திறந்தன. இரண்டாம் அலை அவற்றையும் மூடியது. 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் செப்டம்பர் 1 அன்றும், 1 முதல் 8 வரையிலானவை நவம்பர் 1 அன்றும் மீண்டும் திறந்தன.

இடைக்காலத்தில் கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. கைப்பேசியிலும் பாடம் வந்தது. செஞ்சி வட்டாரத்து உழவர் வீட்டில் கைப்பேசி ஒன்றே எனில், அது எவர் கைக்குச் செல்லும்? மகனிருக்க மகளுக்குக் கிடைப்பது அரிது. அவளுக்கு அடுப்படியும் மணிலாக் கொல்லையும் காத்திருந்தன. பாடத்தோடு தோழியர் துணையும், துயரைச் சொல்ல ஓர் ஆசிரியையும் அவளுக்கு இல்லாமற் போயினர். ஊரடங்கில் சிலரை மட்டும் அழைத்துக் குறைந்த செலவில் மணம் முடிக்கலாம் என்ற எண்ணம், அகவை நிரம்பாப் பெண்களின் படிப்பைப் பறித்தது. உலகெங்கும் 1.1 கோடிப் பெண் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பாமற் போகலாம் என யுனெஸ்கோ எச்சரித்தது.

அரசு வாளாவிருக்கவில்லை. இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று இதே விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் தொடங்கப்பெற்றது. எனினும் அது எட்டாம் வகுப்பு வரைக்கே உரியதாயிருந்தது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேர்ந்த மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்குகிறது. ஒன்பதிலோ பத்திலோ நின்றுவிட்டவளுக்கு முன்னது கடந்துபோன வாயில். பின்னது எட்டாத வாயில்.

அவ்விடைவெளியை நிரப்புதல் ஊராரின் கடமை. தெருத்தோறும் படிப்பை விட்டவர் யாவர் என்று கேட்டறிக. அவள் இன்று மணமானவளாயினும், தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வெழுத வழியுண்டு. தேர்வுக் கட்டணமும் பாடநூலும் பேருந்துச் செலவும் அறக்கட்டளைகள் ஏற்கத்தக்கவை. குழந்தை மணப் பேச்சு எழுமாயின் 1098 எண்ணை அழைத்திடுக. வீட்டில் கைப்பேசி ஒன்றே எனில், அதில் மகளுக்கும் சரிபாதி நேரம் வகுத்திடுக.

கல்வி நின்ற ஒரு பெண்ணை மீண்டும் தேர்வறையில் அமர்த்துவதும் சாத்திர தானமே. அவ்வறம் இவ்வாண்டே தொடங்குக.