வேறுபாடும் அதன் ஆதாரமும்



 ஆங்கில வினைச்சொற்களின் பிரயோகத்தைப் பற்றி ஆராயக் கூடியிருக்கும் இந்த அவையில், பல வினைகளையும் மேலோட்டமாகத் தொட்டுச் செல்வதைவிட, நம் மாணவர்கள் பள்ளிப் பருவம் முதல் பட்டப் படிப்பு முடியும்வரை வினாத்தாள்தோறும் சந்திக்கின்ற 'டிஸ்டிங்குவிஷ்' என்ற ஒரே வினையை எடுத்துக்கொண்டு, அதை நாம் எவ்வாறு கற்பிக்க வேண்டும் என்பதைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்வதே பயனுடையதாகும் என்று கருதுகிறேன்.

மங்கிய ஒளியில் ஓர் உருவத்தை இன்னதென்று கண்டுகொள்வதற்கும், ஒருவர் தம் செயலால் பிறரினும் சிறந்து விளங்குவதற்கும் இவ்வினை வழங்குகிறது. ஆயினும், வகுப்பறையில் நமக்கு வேண்டுவது பிரித்தறிதல் என்னும் பொருளே. அப்பொருளில் இதற்கு இரண்டு வாக்கிய அமைப்புகள் உண்டு. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கும்போது 'ஃப்ரம்' வரும். இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது 'பிட்வீன்' என்று தொடங்கி 'அண்ட்' என்று இணைக்க வேண்டும். நம் மாணவர்களிற் பலர் 'பிட்வீன்' என்று தொடங்கி 'ஃப்ரம்' என்று முடித்துவிடுகிறார்கள். இதைத் திருத்த நீண்ட இலக்கண விதி எதுவும் தேவையில்லை. எறும்பைக் கறையானிலிருந்து பிரித்தறி என்றும், எறும்புக்கும் கறையானுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல் என்றும் தமிழில் பிழையின்றிப் பேசும் குழந்தை, 'எறும்புக்கும் கறையானிலிருந்தும்' என்று மறந்தும் சொல்வதில்லை. தாய்மொழியில் தானே கைக்கொள்ளும் இந்த ஒழுங்கை அதற்கு எடுத்துக்காட்டினால், ஆங்கிலத்தின் ஒழுங்கும் எளிதில் மனத்தில் பதியும்.

சொல்லின் பொருளை மட்டும் அறிந்து, அது வாக்கியத்தில் எவற்றோடு சேர்ந்து வரும் என்பதை அறியாதவன் அச்சொல்லைப் பாதியே அறிந்தவனாவான் என்ற உண்மை, ஆங்கிலத்தைப் பிறந்த மண்ணில் பேசுவோரைவிட அதை அயல்மொழியாகக் கற்பித்தவர்களுக்கே தெளிவாகப் புலப்பட்டது. ஜப்பானில் ஆசிரியத் தொழில் புரிந்த ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்ட் என்னும் மூவர் தொகுத்து 1942-இல் டோக்கியோவில் வெளிவந்த அகராதி, வினைகளின் வாக்கிய அமைப்புகளை 25 வகையாகப் பகுத்து, ஒவ்வொரு வினைக்கும் உரிய அமைப்பைக் குறித்துக் காட்டியது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதனையே மறுபதிப்பாக வெளியிட்டு உலகெங்கும் பரவச் செய்தது. கீழ்நாட்டு வகுப்பறையின் தேவையிலிருந்து பிறந்த அந்த முறை நம் வகுப்பறைகளுக்கும் மிகப் பொருத்தமானது.

எனினும், வாக்கியம் திருந்திவிட்டால் வேலை முடிந்துவிட்டதாகாது. வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்கும் வினாவுக்கு, மாணவன் தாளின் நடுவே கோடு கிழித்து, வேகம் என்பது ஓரலகு காலத்தில் கடக்கும் தொலைவு, அதன் அலகு மீட்டர்/வினாடி என்று இடப்பக்கத்திலும், திசைவேகம் என்பது அளவும் திசையும் உடையது என்று வலப்பக்கத்திலும் எழுதுகிறான். எழுதியது ஒவ்வொன்றும் உண்மையே. ஆனால், அலகைப் பற்றி வலப்பக்கம் பேசவில்லை. திசையைப் பற்றி இடப்பக்கம் பேசவில்லை. இரண்டும் ஒரே கேள்விக்கு விடை சொல்லும் வரி ஒன்றுகூட அங்கே இல்லை. திசை என்பதையே ஆதாரமாகக் கொண்டு நோக்கியிருந்தால், வட்டப் பாதையில் மாறா வேகத்தோடு ஓடும் குதிரையின் திசைவேகம் கணந்தோறும் மாறுகிறது என்பதும், ஒரு சுற்றை முடித்து அது புறப்பட்ட இடத்துக்கே திரும்பும்போது அதன் சராசரித் திசைவேகம் பூஜ்யமாகிவிடுகிறது என்பதும் அவனுக்குத் தாமாகவே விளங்கியிருக்கும். இரண்டு வரையறைகளை அடுத்தடுத்து எழுதிவைப்பதற்கு முழு மதிப்பெண் வழங்கும் நாமே, பிரித்தறிதல் இவ்வளவுதான் என்று அவனை நம்பச் செய்கிறோம்.

வேறுபாட்டுக்கு ஆதாரம் வேண்டும். அவ்வாதாரம் நாம் கருதிய நோக்கத்தோடு பொருந்தவும் வேண்டும். இதனை மிகத் தெளிவாக வலியுறுத்தியவர்கள் நம் நீதிபதிகள். 1952-இல் அன்வர் அலி சர்க்கார் வழக்கில், சட்டம் மக்களையோ குற்றங்களையோ வகைப்படுத்துமானால், ஒரு வகையில் சேர்ந்தவற்றை அதிற் சேராதவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் அறிவுக்கு எட்டுவதாக இருக்க வேண்டும் என்பதும், அந்த அடையாளத்துக்கும் சட்டத்தின் நோக்கத்துக்கும் நியாயமான தொடர்பு இருக்க வேண்டும் என்பதும் உச்ச நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டன. எந்த வழக்கைத் தனி நீதிமன்றத்துக்கு அனுப்பலாம் என்பதற்கு அத்தகைய ஆதாரம் எதுவும் வகுக்காமல் அரசின் விருப்பத்துக்கே விட்டிருந்த மேற்கு வங்காளச் சட்டப் பிரிவு செல்லாதென்று தீர்ப்பாயிற்று. ஆதாரமற்ற பிரிவினை வினாத்தாளில் ஒரு மாணவனின் அறிவைக் குறைக்கிறது. அரசாட்சியில் அதுவே மனிதருக்கு அநீதியாக முடிகிறது. 'டிஸ்டிங்குவிஷ்' என்பதற்குப் பொருளில் நெருங்கிய சொல்லான 'டிஸ்கிரிமினேட்', நுண்ணிய ரசனையைப் பாராட்டவும் பயன்படுகிறது. 'அகெய்ன்ஸ்ட்' என்பதோடு சேர்ந்தாலோ, நம் அரசியலமைப்பின் 15-ஆம் ஷரத்து மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு அரசு செய்யலாகாது என்று விலக்கிய பாரபட்சத்தைக் குறிக்கிறது.

ஆகவே, இந்த அவையின் முன் இரண்டு யோசனைகளைப் பணிவுடன் வைக்கிறேன். வினைச்சொல் எதையும் அதற்குரிய வாக்கிய அமைப்போடன்றித் தனியே கற்பிப்பதில்லை என்பது முதலாவது. வேறுபாடு கேட்கும் வினாக்களில், எந்த ஆதாரத்தைக் கொண்டு, எந்த நோக்கத்துக்காகப் பிரித்தறிய வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்பதும், மதிப்பெண்ணை அதற்கேற்ப வகுப்பதும் இரண்டாவது. இவற்றை மறுப்போர் தயங்காமல் மறுக்குமாறு வேண்டுகிறேன். எதனால் மறுக்கிறார்கள் என்பதையும் உடன் சொன்னால் என் சிந்தனையும் தெளிவடையும். கட்டுரை படிக்க வந்திருக்கும் அறிஞர்களை வரவேற்று, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.