வழுக்கியாற்றின் வழியே ஒரு பகல் நடை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



யாத்திரை என்றதும் நமக்குக் கதிர்காமமும் சிதம்பரமும் நினைவுக்கு வரும். இன்று நான் உங்களை அவ்வளவு தூரம் அழைக்கவில்லை. விடியலிற் புறப்பட்டுப் பொழுதுபடுமுன் வீடு திரும்பக்கூடிய ஒரு பகல் நடைக்கே அழைக்கிறேன். வழி, நம் வலிகாமத்து வழுக்கியாறு.

பாலைநிலங்களிலே நீர் வற்றிய மலையிடுக்குகளூடாக நடப்பதற்குப் பிறநாட்டார் பெரிதும் விரும்பிச் செல்கின்றனர். அங்கே ஆறு இருக்கும், நீர் இராது. அருவிப்பாறை இருக்கும்; அருவி இராது. எதிர்பாராத ஒரு மூலையில் ஊற்றொன்று சுரந்து நிற்கும். "யாழ்ப்பாணத்தில் மலையேது, இடுக்கேது?" என்று நீங்கள் நகைக்கலாம். கடல்மட்டத்துக்கு ஐம்பது அடி உயர்ந்த நிலமே இங்கு அரிது. ஆயினும் கீரிமலையை நாம் மலையென்றே சொல்லி வருகிறோம்! வற்றும் ஆறும் வற்றாத ஊற்றும் நம்மிடமும் உண்டு என்பதையே நான் சொல்ல வந்தேன்.

சென்ற ஆவணியில் இளைஞர் சிலருடன் அவ்வழி நடந்தேன். கீரிமலைக் கேணியில் நீராடி, நகுலேசுவரரை வணங்கிப் புறப்பட்டோம். மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகம் நீங்கியதாக ஐதிகம் கூறும் மாவிட்டபுரத்தைக் கடந்து, தெல்லிப்பழை, அளவெட்டி வழியாகக் கந்தரோடைக்கு வந்தோம். 1917ஆம் ஆண்டளவில் போல் பீரிஸ் அகழ்ந்து ஆராய்ந்த பழைய ஊர் அது. பின்னர் சண்டிலிப்பாய் தாண்டி, ஆறு கடலேரியிற் கலக்கும் அராலித் தரவையை மாலையில் அடைந்தோம். வழியிலே ஒரு தம்பி, "ஐயா, ஆறு எங்கே?" என்று கேட்டான். "நீ நிற்பதே ஆற்றுக்குள்தான், தம்பி" என்றேன். அவன் காலடியில் இருந்தவை காய்ந்த புல்லும், உடைந்த போத்தல்களும், யாரோ கொட்டிய குப்பையுமே.

ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர் மழை நமக்குக் கிடைக்கிறது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே பெய்துவிடும். அப்பொழுதுதான் வழுக்கியாறு ஓடும். எஞ்சிய நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடே கீழிறங்கும். மற்ற நாடுகளில் அருவி மலையிலிருந்து விழும். நம் நாட்டிலோ அது நிலத்துக்குள்ளே விழுகிறது. நவக்கிரியிலுள்ள நிலாவரையை எட்டிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அவ்வாறு இறங்கிய மழைநீரே கிணறுகளில் ஊறுகிறது; கீரிமலையிலும் கடலருகே சுரக்கிறது.

இந்த நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்பது. நன்னீர்மட்டம் ஓரடி தாழ்ந்தால், கீழிருக்கும் உவர்நீர் காலப்போக்கில் நாற்பது அடிவரை மேலெழக்கூடும் என்பது நீரியலார் கணக்கு. ஆகவே ஆற்றைத் தூர்த்து மழைநீரை இறங்கவிடாமற் செய்வோர், தம் கிணற்றுக்குத் தாமே உப்பிடுகின்றனர். மேலே கொட்டுவது எதுவும் கீழே போய்ச் சேரும். சுன்னாகத்தில் மின்னிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்த வழக்கில், 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்ததை நீங்கள் அறிவீர்கள். தோட்டத்திற்கு மிகுதியாக இடும் உரமும், கிணற்றருகே வெட்டும் மலக்குழியும் அதே வழியிற் செல்வனவே.

வற்றிய ஆறு செத்த ஆறு அன்று. யோர்தான் நாட்டுப் பெத்திராவின் ஒடுங்கிய மலையிடுக்கிலே, 1963ஆம் ஆண்டு ஏப்பிரலில், திடீரென வந்த வெள்ளம் யாத்திரிகர் இருபதுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. 2008 நவம்பரில் நிஷாப் புயல் மழை பெய்தபோது, நம் குடாநாட்டிலும் எத்தனை வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது! வெள்ளம் தன் பழைய வழியை மறப்பதில்லை, மறந்தவர்கள் நாமே.

ஆடி அமாவாசையன்று தந்தையை நினைந்து கீரிமலையில் தீர்த்தமாடுகிறோம். தீர்த்தம் என்று தலையிலே தெளித்த நீருக்கு, வீடு திரும்பும் வழியிலே குப்பையை வீசுவது எவ்வகைச் சைவம்? கேணியைக் கும்பிடுபவன் அக்கேணிக்கு நீர் ஊட்டும் நிலத்தையும் வாய்க்காலையும் காக்கக் கடமைப்பட்டவன்.

ஆகவே இளைஞர்களே, இவ்வழியை ஆண்டுக்கு இருமுறை நடவுங்கள்: ஆவணியில் ஒருமுறை, மழை விட்ட மார்கழியில் ஒருமுறை. வெள்ளம் ஓடும் நாளில் வாய்க்காலுக்குள் இறங்காது கரையாலே செல்லுங்கள். வெயிற்காலத்தில் ஐந்தரை மணிக்கே புறப்படுங்கள். தண்ணீரும் கட்டுச்சோறும் குடையும் மறவாதீர்கள். உச்சிவேளையிற் கோயில் மண்டபத்தில் இளைப்பாறுங்கள். ஆறு எங்கே ஒடுங்கியது, எங்கே தூர்ந்தது, எங்கே குப்பை குவிந்தது என்று எழுதிக் கொண்டு வாருங்கள். அதனைப் பிரதேச சபைக்குச் சங்கமாகச் சென்று கொடுப்போம்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். நீங்கள் சிறுவராய் நீந்திய மடு எது, மீன்பிடித்த மதகு எது என்பது உங்களுக்கே தெரியும். முழுவழியும் நடக்க இயலாவிடின் உங்கள் ஊர் எல்லைவரையேனும் கூட வந்து காட்டுங்கள். நீங்கள் காட்டாத ஆற்றைப் பிள்ளைகள் எப்படி அறிவார்கள்?

அடுத்த ஆண்டு மலரில், என் உரை இருக்கும் இப்பக்கங்களில் உங்கள் நடைக்குறிப்பு இடம்பெறட்டும்.